சுயஆக்கத்துக்கு 30 புள்ளி: எதைப் பார்த்துப் போடுவது?

வாவிக்கரை:
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படப் போட்டி. படம் 12 நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. பின்னணி இசையோ பாட்டோ கட்டாயம் இருக்கவேணும். புள்ளித்தாள் இது: கதை 25, படமாக்கம் 25, இசையும் ஒலியும் 20, சுயஆக்கம் 30. நடுவர் ஐந்து பேர்.

பிரச்சினை கடைசி வரியில. "எங்கயோ கேட்ட டியூன்" எண்டு ஒரு நடுவர் 8 போடுவார், பக்கத்தில இருக்கிறவர் அதே படத்துக்கு 25 போடுவார். கொப்பி எண்டா எது, தழுவல் எண்டா எது, நடுவருக்குப் பிடிக்காம போனது எது? மூண்டும் ஒரே கட்டத்துக்குள்ள கிடக்கு. தத்துவம் வேணாம். தாளில எழுதக்கூடிய அளவுகோலாச் சொல்லுங்க.

புதுமெட்டு:
அந்த 30-ஐ எடுத்து இசைக்குக் குடுங்க, வேலை முடிஞ்சுது. சுயஆக்கம் எண்டு ஒண்டு இல்ல. இருக்கிறது ஏழு சுரம். அமெரிக்காவில ரெண்டு பேர் எட்டு சுரத்தை வச்சு 12 இடத்துக்கு வரக்கூடிய எல்லா மெட்டையும் கொம்பியூட்டரால எழுதி, 2020-ல பொதுச்சொத்து எண்டு விட்டுட்டாங்க. 6,870 கோடிக்கு மேல. இனி யார் எதைப் போட்டாலும் அது ஏற்கெனவே இருக்கிறதுதான். சினிமாவும் அப்பிடித்தான். குரோசாவாவின் 1954-ம் ஆண்டுப் படத்தில ஏழு வீரர் ஒரு கிராமத்தைக் காப்பாத்தினாங்க. 1960-ல அமெரிக்காக்காரன் அதைக் குதிரையில ஏத்தினான். மறுகா இந்தியாவுக்கும் வந்திச்சு. ஆர் அழுதாங்க?

ஒலிமேசை:
தம்பி, அந்த 6,870 கோடியில நீட்டல் குறுக்கல் இல்லை. எந்தச் சுரம் தாளத்தில எங்க விழுது எண்டதும் இல்லை. மெட்டு எண்டது சுரப்பட்டியல் மட்டும் எண்டா உங்கட கணக்குச் சரி. ஆனா அப்பிடி இல்லையே. இந்துஸ்தானியில பூப், தேஷ்கார் ரெண்டுக்கும் ஒரே ஐந்து சுரம், எங்கட மோகனத்தின் சுரங்கள்தான். ஒண்டு காந்தாரத்தில ஊண்டி நிக்கும், மற்றது தைவதத்தில. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா கேட்கிறவன் ரெண்டையும் ஒண்டு எண்டு சொல்லமாட்டான்.

வாவிக்கரை கேட்டது செய்முறை. ரெண்டு மெட்டு ஒண்டா எண்டு பார்க்க இப்பிடிச் செய்யலாம்.

முதல்ல சொல்லையும் வாத்தியத்தையும் கழட்டுங்க. மெட்டை மட்டும் கீபோர்ட்டில ஒற்றை விரலால வாசிச்சோ முணுமுணுத்தோ றெக்கோர்ட் பண்ணுங்க. ரெண்டையும் ஒரே "ச"வுக்குக் (மெட்டின் அடிச்சுரத்துக்கு) கொண்டு வாங்க. இதிலதான் கனபேர் சறுக்கிறது. சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் அதே வெள்ளைக் கட்டைகள்தான். "ச" எங்க எண்டு பிடிக்காமல் கட்டையை மட்டும் ஒப்பிட்டால் சம்பந்தமில்லாத ரெண்டு பாட்டு ஒண்டாத் தெரியும், அசல் கொப்பி வேறயாத் தெரியும்.

அடுத்தது, ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 16 கட்டம் கீறுங்க. ஆதி தாளமெண்டா எட்டு அட்சரம், ஒண்டுக்கு ரெண்டு கட்டம். எந்தக் கட்டத்தில எந்தச் சுரம் தொடங்குது எண்டு எழுதி, 1, 5, 7-ம் அட்சரங்களில விழுற சுரத்தை வட்டமிடுங்க. தட்டு விழுற இடங்கள் அவை. காதில நிக்கிறது கூடுதலா அந்தச் சுரங்கள்தான்.

பிறகு ராகத்துக்குச் சொந்தமானதை வெட்டிவிடுங்க. மோகனத்தில "க ப த ச்" எண்டு ஏறினதுக்கு ஒருத்தரையும் பிடிக்கேலாது. அது அந்த ராகத்தில ஏறுற படி. கோர்ட் (பல சுரத்தை ஒண்டா வாசிக்கிற அடுக்கு) வரிசையும் அப்பிடித்தான். ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனுக்கு எதிரான வழக்கில நாலு கோர்ட்டும் அது தாளத்தில விழுற விதமும்தான் முக்கியமாப் பேசப்பட்டது. 2023 மே மாதம் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மிச்சத்தில சுரம், நீளம், விழுற இடம் மூண்டும் சேர்ந்து தொடர்ச்சியா ரெண்டு ஆவர்த்தனம் ஒத்துப் போய், போய் நிக்கிற சுரமும் ஒண்டெண்டா நான் கொப்பி எண்டு எழுதுவன். சுரம் மட்டும் ஒத்து நீளம் வேறயெண்டா அது உறவுக்காரன், அவ்வளவுதான். இது என்ர கணக்கு. நீதிமன்றத்தில இப்பிடி ஒரு எண்ணிக்கை இல்லை.

இன்னொண்டு. நடுவர்மார் "கேட்ட மாதிரி இருக்கு" எண்டு சொல்லுறது பல நேரம் மெட்டை இல்லை, சத்தத்தை. அதே பறை லூப் (திருப்பித் திருப்பி ஓடுற ஒலித்துண்டு), அதே நாதஸ்வரச் சாம்பிள். காசு குடுத்தோ சும்மாவோ எல்லாரும் இறக்கிற பொதி அது. அதுக்கு இசைப் புள்ளியில குறையுங்க, திருட்டு எண்டு எழுதாதீங்க.

மத்தளம்:
ஒலிமேசை சொன்ன முறை சினிமாப் பாட்டுக்குச் சரி. எங்கட ஊரில படமெடுக்கிற பிள்ளை கூத்துப் பாட்டைத் தொட்டால் அந்த அளவுகோல் தலைகீழாப் போகும். கூத்தில மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஏட்டை விரிச்சா தரு, விருத்தம், கொச்சகம், கந்தார்த்தம் எண்டு பாட்டு வகை போட்டிருக்கும். புதுக் கூத்து எழுதிறவர் இருக்கிற மெட்டுக்குச் சொல் வைக்கிறார். உங்கட 16 கட்டத்தில போட்டால் முழுக் கூத்தும் கொப்பி எண்டுதான் வரும்.

அப்ப கூத்தைப் பழக்கிற அண்ணாவியாருக்கு என்ன வேலை? வேலை முழுக்க அங்கதான். யாருக்கு எந்தச் சட்டம் (பாத்திரத்துக்கான பாட்டு ஏடு) குடுக்கிறது எண்டதில தொடங்கும். இந்தக் குரலுக்கு எந்தச் சுருதி, அரசன் வரவுக்கு எந்தத் தாளக்கட்டு, எங்க வேகம் ஏத்துறது, எங்க மத்தளத்தை நிப்பாட்டிச் சல்லரியை (கைத்தாளத்தை) மட்டும் விடுறது. சதங்கை அணிஞ்சு, கிழமைக் கூத்து (கிழமைக்கு ஒருக்கா ஒத்திகை) ஆடி, அடுக்குப் பார்த்து (கடைசி ஒத்திகை) அரங்கேற்றம் வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் இதை மாத்திக்கொண்டே இருப்பார். களரியைச் சுத்தி இருக்கிற சனம் மெட்டுப் புதுசோ எண்டு பார்க்கிறதில்லை. தோழிக்கு ஆடுற ஆட்டத்தை அரசனுக்கு வச்சால் கூவிப்போடும்.

குறும்படத்தில கூத்தை வைக்கிற பிள்ளைகளிட்ட அடிக்கடி பிழைக்கிறது மூண்டு. யூடியூப்பில இருந்து 30 விநாடி மத்தளத்தை வெட்டி லூப்பாப் போடுறது. கூத்தில வேகம் ஏறிக்கொண்டு போகும், அதைச் சதுரக் கட்டத்துக்குள்ள அமுக்கினால் அடி இருக்கும், ஆட்டம் இராது. அடுத்தது, கூத்தில வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு வகை இருக்க, வடமோடிக் கரப்புடுப்பைப் போட்டுக்கொண்டு தென்மோடிப் பாட்டைப் பாடுறது. ஊரில தெரிஞ்ச ஒருவரிட்டக் கேட்டிருந்தால் அஞ்சு நிமிசத்தில திருத்தியிருக்கலாம். மூண்டாவது, ஒரு மைக்கை நடுவில வச்சு எல்லாத்தையும் பிடிக்கிறது. சல்லரி கிட்ட இருந்தால் குரலை முழுக்க மூடும். மத்தளத்தின் ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு மைக், ஒரு சாண் தள்ளி. சல்லரிக்காரரை மைக்குக்குப் பின்னால ரெண்டு பாகமாவது (பாகம் எண்டா விரிச்ச ரெண்டு கை அளவு) தள்ளி நிப்பாட்டுங்க. குரலுக்குத் தனி மைக்.

வெட்டொட்டு:
மத்தளம் அண்ணன், தாளக்கட்டையும் வேகத்தையும் மாத்திறது சுயஆக்கம் எண்டால், 1960-களில பேராதனைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் வித்தியானந்தன் செய்ததுக்கு எத்தனை போடுவீங்க? விடிய விடிய ஆடுற வடமோடியைச் சுருக்கி, வட்டக்களரியில இருந்து எடுத்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில ஏத்தினார். 1962-ல கர்ணன் போர், பிறகு இராவணேசன். அந்தக் காலத்திலயே "இது கூத்தில்ல" எண்டவங்களும் இருந்தாங்க, "இதாலதான் கூத்துத் தப்பிச்சுது" எண்டவங்களும் இருந்தாங்க.

மத்தளம்:
கர்ணன் போருக்கு 20, இராவணேசனுக்கு 27. முன்னதில கூடுதலா நடந்தது சுருக்கமும் ஒழுங்கும். பின்னதில இராவணனை ஒரு துன்பியல் நாயகனாப் பார்த்துப் புதுசா எழுதி, அந்தப் பார்வைக்கு ஏத்த மாதிரி ஆட்டத்தை வைச்சாங்க. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரர் 1956-ல மனமே நாடகம் செய்ததும் இந்த வகைதான். நாடகம எண்ட சிங்கள நாட்டார் அரங்குக்குத் தமிழ்க் கூத்து மூலம். அந்த வடிவத்தை எடுத்து ஜாதகக் கதையில வைச்சார். அதை ஒருவரும் கொப்பி எண்டதில்லை.

ஆனா மட்டக்களப்புச் சீலாமுனையில நடந்த கூத்து மீளுருவாக்கத்தை மறந்துபோடாதீங்க. அங்க களரியும் சனமும் அப்பிடியே இருக்க, ஏட்டுக்குள்ள இருந்த சாதி, பெண் பற்றின கதையைத்தான் ஊராக்களோட இருந்து கதைச்சு மாத்தினது. பேராதனை வடிவத்தை மாத்திச்சு, சீலாமுனை கருத்தை மாத்திச்சு. எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. அது என்ர ரசனை, அதுக்காக மற்றதில ஒரு புள்ளியும் குறைக்கமாட்டன்.

கல்முனை_காக்கா:
மத்தளம் சொன்னதில ஒரு ஓட்டை இரிக்கி. "மெட்டு யாருக்கும் சொந்தமில்ல" எண்டா எங்கட வயல்ல பாடுற கவியையும், றபான் அடிச்சுப் பாடுற பைத்தையும் எடுத்து ஒருத்தன் தன்ர பேரைப் போட்டு வித்துப்போடலாமா? அக்கரைப்பற்றுக் கவியை எடுத்து, கீழ ரெண்டு கோர்ட்டைப் போட்டு, "இசை: இன்னார்" எண்டு வீடியோ வாறது இப்ப சாதாரணம். யாருக்கும் சொந்தமில்லாதது வேற, ஒரு ஊருக்குச் சொந்தமானது வேற மனே.

சட்டக்கோவை:
காக்கா கேட்டதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கானது. வணிக நோக்கத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியேயோ எடுத்தாள்வதற்கு அனுமதி என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. வெளியிடும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆகவே "இசை: இன்னார்" என்பது பிழை. "அக்கரைப்பற்று வயற்கவி, இசைச் சேர்க்கை: இன்னார்" என்பது சரி.

இதில் இன்னொரு படையும் இருக்கிறது. கவி ஊருடையது. ஆனால் யாரோ ஒருவர் பாட, இன்னொருவர் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தால் அந்தப் பதிவுக்கும் பாடிய குரலுக்கும் தனி உரிமை உண்டு. பதிவை வெட்டி ஒட்டாமல் புதிதாகப் பாடிப் பதிவது எப்போதும் பாதுகாப்பு.

சினிமா மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், போட்டிக்கு வரும் படங்களில் பாதிச் சிக்கல் அங்குதான் வரும். "ஏழு விநாடிக்குள் எடுத்தால் பிரச்சினையில்லை" என்று ஒரு கதை உலவுகிறது. இலங்கைச் சட்டத்திலோ இந்தியச் சட்டத்திலோ அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. 11-ஆம் பிரிவின் நியாயமான பயன்பாடு நோக்கம், எடுத்த அளவு, மூலத்தின் சந்தைக்கு வரும் பாதிப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்கும். உரிமை ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும்; இந்தியாவில் 60. படப்பாட்டின் மெட்டுக்குச் சொந்தச் சொற்களை வைத்தால், அது கோயிலுக்கோ தேர்தலுக்கோ எதுவானாலும், மெட்டு இன்னும் மற்றவருடையதே. மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. புதிதாக வாசித்தால் இரண்டாவதிலிருந்து மட்டும் தப்பலாம்.

தெரியாமல் எடுத்தேன் என்பதும் விடையாகாது. பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹரிசன் மீதான வழக்கில் 1976-இல் அமெரிக்க நீதிமன்றம், அவர் அறியாமலே எடுத்திருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டது, ஆனாலும் பொறுப்பிலிருந்து விடவில்லை.

புதுமெட்டு:
அப்ப ரஹ்மானின் வழக்கு? பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகத்துப் பாட்டு. அது துருபத் எண்ட பழைய இந்துஸ்தானிப் பாட்டு வகையில இருந்து வந்தது எண்டு எல்லாருக்கும் கேட்குதே.

சட்டக்கோவை:
கேட்பது வேறு, நிறுவுவது வேறு. துருபத் பாடகர்களான டாகர் சகோதரர்களின் சிவ ஸ்துதியை எடுத்தார்கள் என்பது வழக்கு. 2025 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்காலக் கட்டளை இட்டார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அதைத் தள்ளிவிட்டது. அமர்வு பார்த்தது, பாடியவர்தான் ஆக்கியவர் என்பது முதல் நோக்கில் நிறுவப்பட்டதா என்பதை. மரபிசையில் இந்தக் கேள்விதான் எப்போதும் இடிக்கும். மத்தளம் சொன்ன கூத்து மெட்டுக்கும் இதே இடிதான்.

வெட்டொட்டு:
நீங்க எல்லாரும் மெட்டிலயே நிக்கிறீங்க. குறும்படத்தில கொப்பி பிறக்கிற இடம் இசையமைப்பாளரின்ர அறை இல்லை, வெட்டுமேசை.

நடக்கிறது இதுதான். எடிற் பண்ணுற பிள்ளை வேகம் பிடிக்க ஒரு படத்துப் பின்னணி இசையைத் தற்காலிகமாப் போடுது. டெம்ப் ட்ராக் எண்டு சொல்லுவாங்க. அது நிமிசத்துக்கு 96 அடி எண்டு வைங்க. ஒரு அடி 0.625 விநாடி, நாலு அடி 2.5 விநாடி. 24 பிரேமில எடுத்த படமெண்டா சரியா 60 பிரேம். பிள்ளை தன்னை அறியாமலே 60, 120, 180 எண்டு வெட்டிக்கொண்டு போகும். ரெண்டு கிழமை அதைக் கேட்டுக் கேட்டுப் பழகின பிறகு இசையமைக்கிற தம்பியிட்ட "இதே மாதிரி, ஆனா இது இல்லாம" எண்டு குடுக்கிறது. அவன் என்ன செய்வான்? 96-ஐ விட்டு 84-க்குப் போனால் பாதி வெட்டு அடியில விழாது. வேகம் கட்டாயம், ஏறுற இடம் கட்டாயம், நிக்கிற இடம் கட்டாயம். மிச்சமிருக்கிற மெட்டையும் இயக்குநர் "அந்த உணர்வு வரேல்லையே" எண்டு திருப்பித் திருப்பி அங்கயே கொண்டுபோய் விடுவார்.

இது சின்னாக்கள் மட்டும் விடுற பிழை இல்லை. குப்ரிக் 1968-ல விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நோர்த்தைக் கொண்டு இசை எழுதுவிச்சுப்போட்டு, கடைசியில தான் தற்காலிகமாப் போட்டிருந்த, ஏற்கெனவே இருந்த செவ்வியல் இசையையே வச்சுக்கொண்டார். அவருக்கு அது பலிச்சுது, ஏனெண்டா அசலையே வச்சார். எங்கட ஆக்கள் வைக்கிறது அசலும் இல்லாத நகல்.

தவிர்க்கிற வழி: முதல் வெட்டை இசை இல்லாமல், வசனமும் சூழல் சத்தமும் மட்டும் வச்சு முடிங்க. காட்சி இழுபடுது எண்டா அது வெட்டின் பிழை, இசையால மூடாதீங்க. கட்டாயம் டெம்ப் வேணுமெண்டா ஒரு காட்சிக்கு மூண்டு வேற வேற இசையைப் போட்டுப் பாருங்க, ஒண்டில மனம் ஒட்டாது. இசையமைப்பாளருக்கு அனுப்பேக்க டெம்ப் சத்தத்தை அழிச்சுப்போட்டு அனுப்புங்க. கூட ஒரு தாள்: இசை எங்க தொடங்குது, எங்க முடியுது, யாரின்ர பக்கம் நிண்டு கேட்கவேணும். "சோகம்" எண்டு மட்டும் எழுதாதீங்க. "தாய் கதவைத் திறக்கும்வரை அவளுக்கு விசயம் தெரியாது, இசைக்கும் தெரியக்கூடாது" எண்டு எழுதினால் அவனுக்கு வேலை செய்யலாம்.

நடுவருக்குச் சோதனை: படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, வெட்டுக்குக் கைதட்டிப் பாருங்க. தொடர்ந்து ஒரே இடைவெளியில விழுந்தால் அடியில ஒரு பாட்டு ஒளிஞ்சிருக்கு.

கல்முனை_காக்கா:
இது நல்ல சோதனை. ஆனா மியூசிக் வீடியோ மாதிரி எடுத்தவன் வேணுமெண்டே அடிக்கு வெட்டியிருப்பானே?

வெட்டொட்டு:
ஓம், அதாலதான் சந்தேகம் மட்டும், தீர்ப்பு இல்லை. சந்தேகம் வந்தால் புரஜெக்ட் பைலைக் கேளுங்க. டைம்லைனில அணைச்சு வச்ச ஒலிவரிசை அனேகமா அப்பிடியே கிடக்கும், அழிக்க மறந்திருப்பாங்க.

கதைக்கும் ஒரு சொல். "ஏழு பேர் ஊரைக் காப்பாத்துறாங்க" எண்ட ஒற்றை வரிக்குச் சொந்தக்காரன் இல்லை. காட்சி காட்சியா அதே வரிசையில போனால் சொந்தக்காரன் வருவான். புதுமெட்டு, நீங்க முதல்ல "ஆர் அழுதாங்க" எண்டு கேட்டீங்க. 1960-ல வந்த ஏழு பேர் படம் முறையான மீளாக்கம், மூலத்தைச் சொல்லித்தான் வந்திச்சு. அதே குரோசாவாவின்ர 1961-ம் ஆண்டுப் படத்தை செர்ஜியோ லியோனே கேளாமல் எடுத்து 1964-ல விட்டார். குரோசாவா தரப்பு விடேல்லை, உலக வசூலில 15 சதவீதம் குடுக்கவேண்டி வந்திச்சு. இத்தனைக்கும் லியோனேயின்ர படம் தன்னளவில பெரிய படம். நல்ல படமா எண்ட கேள்வியும், கேட்டு எடுத்ததா எண்ட கேள்வியும் வேற வேற.

புதுமெட்டு:
சரி, மூலத்தைச் சொல்லுறதை ஏற்கிறன். ஆனா கடைசியில நடுவர் ஐந்து பேரின்ர ரசனைதானே வெல்லப் போகுது. ஒருத்தருக்கு 80-களின் இளையராஜாவுக்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தம். இன்னொருத்தருக்கு பைலா எண்டாலே "எங்கட இல்ல". மட்டக்களப்பில பறங்கியர் கல்யாணத்தில வயலினும் மாண்டலினும் வச்சு கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டம் ஆடினது எங்க போச்சு? அந்த ஆறடித் துள்ளல் இந்த வாவிக்கரையிலதான் இருந்திச்சு. கோயில்ல படிக்கிற கண்ணகி வழக்குரை மட்டும்தான் எங்கட எண்டு யார் சொன்னது?

ஒலிமேசை:
இதில நான் புதுமெட்டு பக்கம். ரசனையை அழிக்கேலாது, ஆனா அதுக்குள்ள கலந்து கிடக்கிற குப்பையை எடுக்கலாம்.

பெரிய குப்பை சத்த அளவு. ஒரே பதிவை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டாலே "இது தெளிவா இருக்கு" எண்டுதான் சொல்லுவாங்க, கூட்டினது எண்டு தெரியாது. அதனால எல்லாப் படத்தையும் ஒரே சராசரி அளவுக்குக் கொண்டு வாங்க. அந்தச் சராசரிச் சத்தத்தை எல்.யூ.எஃப்.எஸ் எண்ட அலகில காட்டுற மீற்றர் சும்மாவே கிடைக்கும். யூடியூப் அளவான மைனஸ் 14-ஐ எடுத்தால் போதும். ஆனா அதைவிடக் குறைய ஒரு படம் இருந்தால் அதைக் கூட்டாதீங்க, மற்றதுகளை அதின்ர அளவுக்குக் குறையுங்க. கூட்டினால் உச்சியில வெடிக்கும்.

அடுத்த குப்பை பழக்கம். திரும்பத் திரும்பக் கேட்டது பிடிக்கத் தொடங்கும். ஒரு நடுவர் ஒரு படத்தை வட்சப்பில ஏற்கெனவே ரெண்டு தரம் பார்த்திருந்தால் அவர் அந்தப் படத்துக்கு ஒதுங்கவேணும். பிறகு கருவி. போன் ஸ்பீக்கரில மத்தளத்தின் தொப்பிப் பக்கம் (தாழ்ந்த சத்தம் வாற பக்கம்) கேட்கவே கேட்காது. லப்டொப்பிலயும் அரைவாசிதான். ஐந்து பேரும் ஒரே மண்டபத்தில, ஒரே ஸ்பீக்கரில.

சட்டக்கோவை:
வரிசையும் முக்கியம். எல்லோரும் ஒரே வரிசையில் பார்த்தால் முதல் படத்துக்குக் கை இறுகும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் படம் தூங்கும். ஒரே மண்டபம் என்றால் ஒருவருக்கொரு வரிசை சாத்தியமில்லை. ஆனால் இரண்டாம் முறை தலைகீழாக ஓட்டலாம். புள்ளி இரண்டாம் முறைக்குப் பிறகு, பேச்சு தொடங்குமுன். பேசிவிட்டுப் போட்டால் மூத்தவர் சொன்னதுதான் ஐந்து தாளிலும் இருக்கும்.

புள்ளிகளைக் கூட்டிப் பிரிக்காமல், ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுங்கள். 24, 22, 25, 8, 23 என்று வந்தால் சராசரி 20.4, அந்த ஒரு 8 மற்ற நால்வரையும் இழுத்துவிட்டது. நடு எண் 23. எட்டுப் போட்டவர் ஏன் போட்டார் என்று எழுத்தில் கேளுங்கள், சில வேளை மற்ற நால்வரும் காணாத கொப்பியை அவர் மட்டும் கண்டிருப்பார்.

மத்தளம்:
அப்பிடிக் கண்டால் நடு எண் அதை விழுங்கிப் போடுமே சேர்?

சட்டக்கோவை:
விழுங்கும். ஆகவே கொப்பி என்ற சந்தேகம் புள்ளிக்குள் வரக்கூடாது. அது தனி: உண்டா இல்லையா, ஆதாரம் என்ன. ஒலிமேசையின் 16 கட்டத்தை ஒட்டி, பிள்ளையிடம் விளக்கம் கேட்டு முடிவெடுக்க வேண்டியது.

வாவிக்கரை:
இதுவரை விளங்கினதை வச்சுத் தாளை மாத்திப் பார்த்தன். 30-ஐ ரெண்டாப் பிரிக்கிறம். 20 தெரிவுகளுக்கு: எடுத்த பொருளை வச்சு என்ன முடிவெடுத்திருக்காங்க, அந்த முடிவு படத்துக்குப் பொருந்துதா. பழைய மெட்டெண்டாலும் இதில முழுப்புள்ளி எடுக்கலாம். 10 மூலக்குறிப்புக்கு: எது எங்க இருந்து வந்தது எண்டு ஒரு பக்கம். கவியெண்டா ஊர், கூத்தெண்டா மோடியும் அண்ணாவியாரும், லூப் எண்டா பொதியின் பெயரும் உரிமமும், தழுவலெண்டா மூலப்படம். சொல்லாமல் விட்டது பிடிபட்டால் 10-ல பூச்சியம். சினிமா மெட்டு அனுமதியில்லாமல் இருந்தால் போட்டியில இருந்தே வெளிய. "எனக்குப் பிடிச்சது" எண்டு ஒரு வரி நடுவர் எழுதலாம், அதுக்குப் புள்ளி இல்லை, பார்வையாளர் பரிசுக்கு மட்டும்.

கேள்வி ஒண்டு மிச்சம். செயற்கை நுண்ணறிவில செய்த பாட்டு வந்தால்?

ஒலிமேசை:
மூலக்குறிப்பில எழுதட்டும். எழுதினால் வெளிய போடத் தேவையில்லை, ஆனா 20-ல என்ன எடுப்பாங்க எண்டு பாருங்க. "கிழக்கிலங்கைச் சோகப் பாட்டு" எண்டு தட்டச்சு செய்தால் வாறது சென்னைத் தொலைக்காட்சித் தொடரின்ர முகப்புப் பாட்டு மாதிரித்தான் இருக்கும், உச்சரிப்பும் ஈழத்து உச்சரிப்பா இராது. அதை வெட்டி, குரலைக் கழட்டி, தங்கட ஆளைப் பாடவச்சு, மத்தளம் சேர்த்தாங்களெண்டா அதில தெரிவு இருக்கு. கேட்கவேண்டியது தனித்தனி ஒலிவரிசை: குரல் ஒண்டு, தாளம் ஒண்டு, மிச்சம் ஒண்டு, 48 கிலோஹேட்ஸ் வேவ் பைலா. எம்பி3 ஒண்டை மட்டும் அனுப்பிறவரிட்ட ஒருக்கா திருப்பிக் கேளுங்க.

புதுமெட்டு:
தெரிவுக்கு 20 எண்டது எனக்கு ஓகே. மூலக்குறிப்புக்கு 10 கூட. ஒரு பக்கம் எழுதினதுக்கு 10 எண்டா, சும்மா ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச பள்ளிக்கூடப் பிள்ளை வெண்டுபோடும். சொந்தமா மெட்டுப் போட்டவனுக்குச் சொல்ல மூலமே இல்லையே, அவனுக்கு என்ன?

மத்தளம்:
சொல்ல மூலமே இல்லாத ஆளை எனக்குக் காட்டு தம்பி. விபுலாநந்த அடிகள் காரைதீவில பிறந்து, யாழ் நூலை 1947-ல வெளியிட்டார். அது சிலப்பதிகார அரங்கேற்று காதையின் 25 அடிகளுக்கு விரிவுரை. அவரே அதைச் சொல்லித்தான் தொடங்கினார்.

கல்முனை_காக்கா:
புதுமெட்டு சொல்றதிலயும் ஞாயம் இரிக்கி. 10-ஐ 5 ஆக்கி, அந்த அஞ்சைத் தெரிவுக்குக் குடுங்க. ஆனா மூலக்குறிப்பு இல்லாத படத்தை வாங்கவே வேணாம், விண்ணப்பத்தோட சேர்த்து வைங்க. எழுத ஏலாதவன் ரெண்டு நிமிசம் குரல்ல சொல்லி அனுப்பட்டும்.

வாவிக்கரை:
25, 5. குரல்பதிவும் ஏற்கப்படும். தாளை இண்டைக்கு இரவு திருத்தி இங்க போடுறன். மத்தளம் அண்ணன், கூத்துப் பாட்டு வந்தால் பார்க்க வடமோடி தெரிஞ்ச ஒருவர், தென்மோடி தெரிஞ்ச ஒருவர் வேணும். ஒரே ஆள் ரெண்டுக்கும் எண்டா மற்றக் கட்சி விடாது.

மத்தளம்:
விடாதுதான். ரெண்டு பேரும் வருவாங்க, ஆனா பக்கத்துப் பக்கத்தில இருத்தாதீங்க.